உருக வேண்டிய உலோகம் ஏன் உருகவில்லை?

நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் 2011-ல் மிட்சுபிஷி ஓட்டிக் காட்டிய ஜே வகை டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் வெப்பம் 1600 டிகிரி! அதன் நடுவே சுழலும் நிக்கல் கலவை பிளேடுகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? இதற்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது நண்பர்களே.

1904-ல் ஹைடல்பெர்க் கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டல் ஒரு சின்னக் கட்டுரை வாசித்தார். காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும், பரப்பைத் தொடும் இடத்தில் அதன் வேகம் பூச்சியம்தான் என்றார். நாம் பாடத்தில் படிக்கும் பவுண்டரி லேயர் இதுதான். பரப்பின் மேல் போர்த்திய கம்பளி மாதிரி இந்தப் படலம் சூட்டை வெளியே விடாது. எதிரி யார் என்று அன்றே தெரிந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் நிமோனிக் என்ற நிக்கல் கலவையில் பிளேடு செய்தது. ஜெர்மனியிலோ நிக்கல் தட்டுப்பாடு. அதனால் அன்செல்ம் ஃபிரான்ஸ் குழுவினர் யூமோ 004 எஞ்சினுக்கு உள்ளீடற்ற பிளேடுகள் செய்து, உள்ளே காற்றை ஓடவிட்டார்கள். 1944-ல் மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானம் இந்த எஞ்சினோடு போருக்குப் போனது. எஞ்சினின் ஆயுள் என்னவோ சில பத்து மணி நேரம்தான்!

போர் முடிந்து நிக்கல் தாராளமாகக் கிடைத்த பிறகும் அந்த யோசனை போகவில்லை. ஆனால் சும்மா காற்று ஓடினால் போதாது. பிளேடின் முன்விளிம்பில்தான் சூடு நேராக வந்து மோதும். சுடுகிற கிழங்கை வாயைக் குவித்து ஊதுகிறோமே, அதே வழிதான். பிளேடுக்குள் துளையிட்ட குழாயைச் செருகி, காற்றை உள்சுவரில் பீய்ச்சினார்கள். தாரை மோதும் இடத்தில் கம்பளி மிக மெலிந்துவிடும். 1969-ல் சப் என்பவரும் மூன்று கூட்டாளிகளும் முன்விளிம்புக்கான சூத்திரத்தை வெளியிட்டார்கள். 1977-ல் ஹோல்கர் மார்ட்டின் எல்லாத் தாரைச் சூத்திரங்களையும் ஒரே கட்டுரையில் தொகுத்தார்.

அடுத்து ஒரு தலைவலி. மோதி முடித்த காற்று வெளியேறும்போது பக்கத்துத் தாரைகளை வளைத்துவிடுகிறது. அரிசோனாவில் ஃப்ளோர்ஷூட்ஸ் குழு 1981-ல் இதை அளந்து காட்டியது. இதற்கு ஒரு கைகொடுப்புதான் சொரசொரப்பான சுவர். சிறு மேடுகளும் குழிகளும் பரப்பளவைக் கூட்டும், படலத்தையும் கிழிக்கும். ஆனால் இடைவெளி தவறினால் மேடுகளுக்கு நடுவே காற்று தேங்கி, பலன் குறைந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? கூடுதல் காற்றை அனுப்பினால் போதாதா? போதாது. அந்தக் காற்றை அழுத்த எரிபொருள் செலவாகிறது. குளிரூட்டப் போகும் காற்று முழு வேலை செய்வதும் இல்லை. ஆகவே இந்த வரலாறு முழுக்கவே, குறைந்த காற்றால் அந்தக் கம்பளியை எப்படிக் கிழிப்பது என்பதுதான். பற்றாக்குறையில் பிறந்த யோசனைக்குச் சிக்கனமே கடைசிவரை வாத்தியார்!