ஒப்பந்தம் முடிந்தும் அவிழாத கட்டு: கால்பந்து ஆட்டக்காரர் ஈஸ்தம் தொடுத்த வழக்கு

ஒப்பந்தம் என்பது இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் உடன்பாடு. அதற்குத் தொடக்கம் உண்டு; முடிவும் உண்டு. ஓராண்டுக்குக் குடிக்கூலிக்கு விட்ட வீடு, ஆண்டு முடிந்ததும் உடையவனிடமே மீள்கிறது. ஓராண்டுக்கு வேலைக்கு அமர்ந்தவன், ஆண்டு முடிந்ததும் விரும்பினால் இருப்பான். விரும்பாவிடில் தன் வழியே போவான். எழுத்தறியாதவரும் அறிந்த நெறி இது. ஆயினும், சட்டத்தின் ஆட்சிக்குப் பேர்போன இங்கிலாந்து நாட்டில், ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம் ஒரு தொழிலில் மட்டும் இந்நெறி செல்லாதிருந்தது. ஒப்பந்தக் காலம் தீர்ந்த பின்னும் தொழிலாளி அவிழ்த்துக்கொள்ள முடியாத கட்டு அங்கே இருந்தது. அத்தொழில் கால்பந்தாட்டம். அக்கட்டை அவிழ்த்த வழக்கின் வரலாறு, விளையாட்டில் நாட்டமில்லாதவரும் அறியத்தக்க ஒன்றாகும்.

கட்டு உருவான வகை

இங்கிலாந்தில் ஊதியம் பெற்று ஆடுவதைக் கால்பந்துச் சங்கம் 1885இல் ஏற்றுக்கொண்டது. மூன்றாண்டு கழித்து, 1888இல், பன்னிரண்டு கழகங்கள் கூடிக் கால்பந்து லீக் என்னும் அமைப்பை நிறுவின. நல்ல ஆட்டக்காரர்களை ஒரு கழகத்திடமிருந்து மற்றொன்று ஈர்த்துக்கொள்ளும் போட்டி விரைவிலேயே மூண்டது. அதைத் தடுக்க 1893ஆம் ஆண்டு முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஆட்டக்காரர் ஒருவர் ஒரு கழகத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்டுவிட்டால், அக்கழகத்தின் இசைவின்றி லீக்கின் வேறு எக்கழகத்துக்கும் அவர் ஆடலாகாது என்பதே அவ்விதி.

நாளடைவில் இது ‘தக்கவைப்பு மாற்றல் முறை’ என்னும் முழு அமைப்பாக வளர்ந்தது. அதன் இயக்கத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஆட்டக்காரரின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கே எழுதப்படும். சூன் 30ஆம் நாள் முடிவுறும். முடிவுறும் தருணத்தில் கழகத்தின் கையில் பல வழிகள் இருந்தன. மீண்டும் ஒப்பந்தம் எழுதலாம். விட்டுவிடலாம். விலை குறித்து மாற்றல் பட்டியலில் சேர்க்கலாம். அல்லது, தக்கவைத்துக்கொள்வோர் பட்டியலில் அவர் பெயரை எழுதி வைத்துவிடலாம். இந்த இறுதி வழியே கொடியது. அப்பட்டியலில் பெயர் ஏறிய ஆட்டக்காரர், கழகம் கூறும் நிபந்தனைக்குக் கையொப்பமிட மறுத்தால் அவருக்கு ஊதியம் இல்லை. வேறிடம் சென்று ஆடவும் வழியில்லை. வெளிநாடு போகலாமே எனின், நாட்டுக்கு நாடு கால்பந்துச் சங்கங்கள் தம்முள் கொண்டிருந்த உடன்பாடு அங்கும் கதவை அடைத்தது. எத்தனை ஆண்டுகளுக்கு இவ்வாறு வைக்கலாம் என்பதற்கு எல்லையும் இல்லை. ஓராண்டுக்கு இட்ட கையொப்பம் ஆயுளுக்கும் கட்டியது என்று சொல்வது மிகையாகாது. ஆட்டக்காரர்கள் இதனை ‘அடிமை ஒப்பந்தம்’ என்றே அழைத்தனர்.

இதனோடு மற்றொரு தளையும் சேர்ந்தது. எவ்வளவு திறமை உடையவராயினும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் ஊதியம் தரலாகாது என்னும் உச்ச வரம்பு 1901இல் விதிக்கப்பட்டது. வரம்பு சிறிது சிறிதாக உயர்ந்து, 1958இல் ஆட்டப் பருவத்தில் வாரம் 20 பவுனாயிற்று. பல்லாயிரம் பேர் காசு கொடுத்துக் காண வந்த ஆட்டத்தில் ஆடியவருக்குக் கிடைத்தது இவ்வளவே.

முதல் வழக்கின் தோல்வி

இந்த முறையை எதிர்த்தவர்களில் ஈஸ்தம் முதல்வரல்லர். 1907இல் மான்செஸ்டர் நகரில் ஆட்டக்காரர் தொழிற்சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் துணையோடு ஹெர்பர்ட் கிங்கபி என்னும் ஆட்டக்காரர் 1912இல் ஆஸ்டன் வில்லா கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவர் வில்லாவை விட்டு, லீக்கில் சேராத வேறு கழகங்களுக்கு ஆடி வந்தவர். பின்னர் லீக் அமைப்புகள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டபோது, பழைய கழகத்தின் பிடி மீண்டும் அவர் மேல் விழுந்தது. வில்லா அவருக்குக் குறித்த விலையைக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. பிழைப்பு நின்றது.

அவரது முறையீடு நியாயமானதே. ஆயினும் அவருடைய வழக்கறிஞர்கள் அதை மன்றத்தில் வைத்த விதம் பிழையானது. இத்தகைய விதி செல்லுமா என்று அவர்கள் கேட்கவில்லை. கழகம் கெட்ட எண்ணத்தோடு உயர்ந்த விலை குறித்தது என்பதையே முதன்மைப்படுத்தி வாதிட்டனர். கெட்ட எண்ணம் மெய்ப்பிக்கப்படவில்லை. கழகம் தனக்கு விதி அளித்த உரிமையைத்தானே பயன்படுத்தியது? வழக்குத் தள்ளப்பட்டது. செலவுத் தொகை தொழிற்சங்கத்தையே நொடித்துப் போகும் நிலைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஐம்பது ஆண்டுக் காலம், இந்த முறை வழக்கு மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றதே என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாததால் நேர்ந்த விளைவு இது.

ஈஸ்தமின் மனக்குறை

ஜார்ஜ் ஈஸ்தம் 1936இல் பிளாக்பூல் நகரில் பிறந்தார். அவர் தந்தையும் அதே பெயருடையவர். இங்கிலாந்து நாட்டுக் குழுவில் ஆடியவர். மகன் முதலில் வட அயர்லாந்தில் ஆர்ட்ஸ் கழகத்தில் தந்தையோடு சேர்ந்து ஆடினார். 1956இல் நியூகாசில் யுனைட்டெட் கழகம் 9,000 பவுன் கொடுத்து அவரைப் பெற்றது. மெலிந்த உடலும், பந்தை நுண்மையாகச் செலுத்தும் இடது காலும் அவருக்கு வாய்த்திருந்தன.

அவர் கழகத்தோடு பிணங்கியதற்குக் காரணங்கள் சிறியன போலத் தோன்றும். கழகம் தந்த வீடு குடியிருக்கத் தக்கதன்று என்றார். பயிற்சி நேரம் போகச் செய்வதற்கென ஏற்பாடு செய்த வேலை மனநிறைவு தரவில்லை என்றார். இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோருக்கான இங்கிலாந்துக் குழுவில் ஆடுவதைக் கழகம் தடுக்க முயன்றது என்றார். வேறு கழகத்துக்கு மாற்றும்படி வேண்டினார், கழகம் மறுத்தது. 1960 சூன் 30இல் ஒப்பந்தம் முடிவுற்றது. புதிய ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிடவில்லை. கழகமோ அவரைத் தக்கவைப்புப் பட்டியலில் எழுதி வைத்தது.

வேறு தொழிலில் இருப்பவர் இந்நிலையில் என்ன செய்வார்? நாளேட்டில் வேலை விளம்பரம் பார்த்து வேறிடம் போவார். ஈஸ்தமுக்கு அவ்வழி இல்லை. அவர் நியூகாசிலை விட்டுத் தெற்கே சரே வட்டாரத்துக்குச் சென்று, நண்பர் ஒருவரின் நிறுவனத்தில் தக்கை விற்கும் வேலையில் அமர்ந்தார். நாட்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர்களுள் ஒருவர், ஆட்டப் பருவத்தில் பந்தைத் தொடாமல் தக்கை விற்றுக்கொண்டிருந்தார். அவ்வேலை மட்டும் இல்லாதிருந்தால் அவர் பணிந்திருக்க நேர்ந்திருக்கும். கையில் காசில்லாத எத்தனையோ ஆட்டக்காரர்கள் அதற்கு முன் அவ்வாறு பணிந்தவர்களே.

சில திங்கள் கழித்துக் கழகம் இணங்கியது. 1960 நவம்பரில் 47,500 பவுன் மாற்றுத் தொகைக்கு ஈஸ்தம் லண்டன் ஆர்சனல் கழகத்துக்குச் சென்றார். அத்தொகை கழகத்தைச் சேர்ந்தது.

ஏன் நிற்கவில்லை?

ஈஸ்தம் விரும்பியது கிடைத்துவிட்டது. பெரிய கழகம், தலைநகர் வாழ்வு. வழக்கை விட்டுவிட்டு ஆட்டத்தில் மனம் செலுத்தியிருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆனால் தொழிற்சங்கம் ஐம்பது ஆண்டாகக் காத்திருந்த வாய்ப்பு அது. சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹில், செயலாளர் கிளிஃப் லாயிட் ஆகியோர் அப்போது ஊதிய வரம்பை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தனர். வேலைநிறுத்தம் செய்வோம் என்று ஆட்டக்காரர்கள் உறுதியாக நின்றதால், 1961 சனவரியில் உச்ச வரம்பு நீங்கியது. புல்ஹாம் கழகத்தின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுன் பெறலானார். ஆயினும் தக்கவைப்பு முறை அசையவில்லை. அதைத் திருத்துவது பற்றி நடந்த பேச்சு செயலில் முடியவில்லை. ஊதியம் எவ்வளவு உயர்ந்தாலும், விலகிப் போகும் உரிமை இல்லாதவனுக்கு அது எசமானின் தயவாகவே நிற்கும். ஆகவே ஈஸ்தம் வழக்கைத் தொடர இசைந்தார். செலவுக்குச் சங்கம் 15,000 பவுன் ஒதுக்கியது.

மன்றத்தில் நிகழ்ந்தது

1963இல் வழக்கு உயர்நீதி மன்றத்தில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் முன் விசாரணைக்கு வந்தது. அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடி 1807இல் வெற்றி கண்ட வில்லியம் வில்பர்ஃபோர்சின் வழித்தோன்றல் அவர். ‘அடிமை ஒப்பந்தம்’ எனப்பட்டது அவர் முன் வந்தது தற்செயலே; தீர்ப்போ சட்டத்தை அளந்து எழுதப்பட்டது.

இம்முறை கேள்வி சரியாக அமைந்தது. நியூகாசில் கெட்ட எண்ணம் கொண்டதா என்பது வழக்கின் அச்சாக இல்லை. ஒருவன் தன் தொழிலைச் செய்து பிழைப்பதைத் தடுக்கும் ஏற்பாடு, தக்க நியாயம் காட்டப்பட்டாலன்றிச் செல்லாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கொள்கை. தக்கவைப்பு முறைக்கு அத்தகைய நியாயம் உண்டா என்பதே வினா. இதனால் மெய்ப்பிக்கும் பொறுப்பு கழகங்களின் தலைமேல் சென்றது.

கழகங்களின் தரப்பிலும் சொல்வதற்கு இருந்தது. இம்முறை நீங்கினால் செல்வமிக்க கழகங்கள் நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொள்ளும். சிறு கழகங்கள் இளைஞரைப் பயிற்றி மாற்றுத் தொகையால் உயிர் வாழ்கின்றன, அவை மடியும். ஆண்டுதோறும் குழு கலைந்தால் ஆட்டத்தின் தரம் கெடும் என்றனர். நீதிபதி இவற்றை எள்ளி ஒதுக்கவில்லை. கழகங்களுக்குக் காக்கத்தக்க நலன் உண்டு என்பதை ஏற்றார். மாற்றுத் தொகை முறை தனித்து நின்றால் அவ்வளவு குற்றமுடையதன்று என்றும் கருதினார். ஆனால் தக்கவைப்பும் மாற்றலும் ஒன்று சேரும்போது அது அந்நலனைக் காக்கத் தேவையான அளவைக் கடந்துவிடுகிறது என்று கண்டார். இது முதலாளிகள் தமக்காக ஏற்படுத்திக்கொண்ட முறை என்பதையும், அவர்கள் உலகெங்கும் ஒன்றுபட்டு நிற்க, ஆட்டக்காரர்கள் பேரம் பேசும் வலிமையில் மிகப் பின்தங்கியிருந்தனர் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். கிளிஃப் லாயிடின் சாட்சியம் அவர் மதிப்பைப் பெற்றது.

1963 சூலை 4ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. தக்கவைப்பு மாற்றல் முறை நியாயமற்ற தொழில் தடை, அது செல்லாது. அத்தீர்ப்பு நியூகாசில் கழகத்தை மட்டுமின்றி, ஈஸ்தமோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத லீக்கையும் கால்பந்துச் சங்கத்தையும் சுட்டியது. விதியை ஆக்கியவர்கள், ‘எமக்கும் இவனுக்கும் ஒப்பந்தமில்லை’ என்று ஒதுங்கிவிட முடியாது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது.

ஈஸ்தம் பெற்றது என்ன?

இழந்த ஊதியமும் பரிசுத் தொகையும் வேண்டும் என்று ஈஸ்தம் கேட்டிருந்தார். அதை நீதிபதி அளிக்கவில்லை. ஆட மறுத்தவர் அவரே என்பதால் அவ்விழப்பு அவருடையதாயிற்று. கொள்கை வென்றது, கொள்கைக்காக நின்றவரின் கை வெறுங்கையாகவே திரும்பியது. அவர் ஏற்கெனவே ஆர்சனலில் இருந்ததால், தீர்ப்பால் அவர் சென்று சேர வேண்டிய புதிய இடமும் இல்லை. பயன் முழுவதும் பின்வந்தோருக்கே.

அப்பயனும் ஒரே நாளில் வரவில்லை. தீர்ப்பை அடுத்து லீக் தன் விதிகளைத் திருத்தியது. ஒருவரைத் தக்கவைக்க விரும்பும் கழகம், பழைய ஒப்பந்தத்துக்குக் குறையாத நிபந்தனை தர வேண்டும். பிணக்குகளைத் தீர்க்க நடுவர் குழு வேண்டும் என்று ஆயிற்று. ஒப்பந்தம் முடிந்ததும் தானே முடிவு செய்து விலகும் உரிமை 1978இல் வந்தது. அப்போதும் புதிய கழகம் பழைய கழகத்துக்கு ஈட்டுத்தொகை தர வேண்டியிருந்தது. பெல்ஜிய நாட்டு ஆட்டக்காரர் ஜான் மார்க் போஸ்மன் தம் பழைய கழகத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15இல் அளித்த தீர்ப்பே, ஐரோப்பியக் கூட்டமைப்பு நாடுகளுக்கிடையே மாறும் அந்நாட்டுக் குடிமக்களுக்கு அந்த இறுதி முடிச்சை அவிழ்த்தது. முதல் விதி பிறந்து அப்போது நூற்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஈஸ்தம் தொடர்ந்து ஆடினார். இங்கிலாந்துக்காகப் பத்தொன்பது முறை களமிறங்கினார். 1966இல் உலகக் கிண்ணம் வென்ற குழுவில் இடம்பெற்றும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஸ்டோக் சிட்டி கழகத்துக்காக 1972 லீக் கிண்ண இறுதியாட்டத்தில், முப்பத்தைந்து வயதில், வெற்றிக் கோலை அடித்தார். 2024இல் மறைந்தார்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. கிங்கபியும் ஈஸ்தமும் எதிர்த்தது ஒரே முறையைத்தான். முன்னவர் வழக்கு, ‘இவர் எனக்குத் தீங்கு நினைத்தாரா?’ என்று கேட்டுத் தோற்றது. பின்னவர் வழக்கு, ‘இந்த விதி நியாயமானதா?’ என்று கேட்டு வென்றது. ஆளின் மேல் சினம் கொள்வது எளிது. விதியின் வேரைக் காண்பது அரிது. வீடு ஒழுங்காக இல்லை, வேலை பிடிக்கவில்லை என்று தொடங்கிய ஒருவரின் சிறு மனக்குறை, ஒரு தொழிலில் உள்ளார் அனைவருக்குமான உரிமையாக விரிந்தது அந்த வேரைத் தொட்டமையால்தான். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் உரிமை பெரிதே. அது முடிந்தபின் எழுந்து போகும் உரிமை அதனினும் பெரிது. அது இல்லாத இடத்தில் முன்னது வெறும் மைக்கோடாகவே நின்றுவிடும்.