பட்டுத்தறி கண்ட நாவலாசிரியர்: ஸ்ரீ எம்.வி. வெங்கட்ராம்

ஒரு சமூகத்தின் பெருமையை அதன் செல்வர்களையும் சத்திரங்களையும் கொண்டு அளப்பது உலக வழக்கம். செல்வமோ ஒரு தலைமுறையில் வந்து மறு தலைமுறையில் நீங்கும் இயல்பினது. சத்திரங்களும் காலத்தால் இடிந்துபோம். உண்மையுடன் எழுதிவைக்கப்பட்ட வாழ்க்கை ஒன்றே அழியாது நிற்பது. நம் சௌராஷ்டிர சமூகத்தாரின் வாழ்க்கையை அவ்வாறு எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயரைக் கூட நம் இல்லங்களிற் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

போளூர், ஆரணிப் பக்கத்தில் வாழும் நமக்கு நாவலாசிரியர் என்றதும் முதற்கண் நினைவுக்கு வருபவர் ஆரணி குப்புசாமி முதலியார் அவர்களே. ‘ஆனந்தபோதினி’யின் ஆசிரியராக விளங்கி, ஆங்கில நாவல்களைத் தழுவித் துப்பறியும் கதைகள் பல இயற்றி, 1925-ஆம் ஆண்டில் அவர் காலஞ்சென்றார். அவர் நூல்கள் எண்ணிறந்த மக்களைப் படிக்கப் பழக்கின. ஆயினும் தறிக்குழியில் கால் வைத்தவனுடைய சுகதுக்கங்களை அறிய விரும்புவோர் வேறொருவரையே நாடவேண்டும். அவர் கும்பகோணத்தில் 1920-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த ஸ்ரீ எம்.வி. வெங்கட்ராம் ஆவர்.

வெங்கட்ராம் பிறந்தது பட்டு நெசவையே ஜீவனமாகக் கொண்ட குடும்பத்தில். வீட்டிலே பேசியது நம் தாய்மொழி, எழுதியதோ தமிழ். தாய்மொழி வேறாக இருந்தும் தமிழ் வசனத்தை இத்துணைத் தெளிவுடன் ஆண்டமை அவரது முதற் சிறப்பு. கும்பகோணம் கல்லூரியில் பயின்று பொருளாதாரத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே, 1936-இல், பதினாறாம் வயதில், அவருடைய ‘சிட்டுக்குருவி’ என்னும் சிறுகதை ‘மணிக்கொடி’யில் வெளியாயிற்று. புதுமைப்பித்தன், பிச்சமூர்த்தி, மௌனி முதலியோர் எழுதிய பத்திரிகையில் ஒரு நெசவாளர் வீட்டுச் சிறுவன் இடம்பெற்றது சாமானியமான காரியமன்று.

அவருடைய எழுத்தைப் பண்படுத்தியது கும்பகோணத்து நண்பர் கூட்டமேயாகும். கு.ப. ராஜகோபாலன் அக்காலத்தில் அவ்வூரில் வந்து வசித்தார். கண்பார்வை குன்றிய காலத்தும் எழுத்தை விடாத அப்பெரியாரைச் சூழ்ந்து தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, வெங்கட்ராம் முதலிய இளைஞர் கூடினர். 1944-இல் கு.ப.ரா. இறந்தபின்னும் அந்த நட்பு அறுபடவில்லை. முதுமையில் வெங்கட்ராம் எழுதிய ‘என் இலக்கிய நண்பர்கள்’ என்னும் நூல் அந்நட்புக்குச் சான்றாக இருக்கின்றது. மற்றொரு புறம் நம் புராண இதிகாசங்களும் அவரைக் கவர்ந்தன. மகாபாரதத்தில் வரும் யயாதியின் மகளான மாதவியைத் தலைவியாகக் கொண்டு ‘நித்யகன்னி’ என்னும் நாவலை இயற்றினார். பெண்ணின் விருப்பத்தை வினவாமல் தருமத்தின் பெயரால் அவளைப் பண்டமாக்கலாமா என்பதே அந்நூல் எழுப்பும் வினா.

நிற்க. வெங்கட்ராம் சரிகை வியாபாரமும் செய்து வந்தார். அவ்வியாபாரத்திற் கண்ட பொருளைப் பெட்டியிற் பூட்டிவைக்காமல், 1948-இல் ‘தேனீ’ என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். கரிச்சான் குஞ்சு துணையாசிரியராக இருந்தார். உயர்ந்த எழுத்தை வெளியிட்ட அப்பத்திரிகை நீடித்து நிற்கவில்லை, கைப்பொருள் கரைந்தது. பின்னர் வியாபாரமும் தளர்ந்து, பேனாவையே நம்பிக் குடும்பத்தைக் காக்கும் நிலை வந்தது. பழனியப்பா பிரதர்ஸ் என்னும் பதிப்பகத்தாருக்காகத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளையும் மொழிபெயர்ப்புகளையும் இடையறாது எழுதினார். கூலி நெசவு நெய்பவன் பிறர் பாவில் நெய்வது போல இதுவும் ஒரு கூலி நெசவே.

இவ்வாறு காலம் கழிந்தமையால், தம் சொந்தப் பாவில் நெய்ய அவருக்கு நெடுநாள் ஆயிற்று. நெசவாளர் வாழ்வைச் சொல்லும் ‘வேள்வித் தீ’ 1975-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறுவதும், வீதியில் பாவு விரிக்க இயலாது போவதும், நெசவு நின்றால் அன்றே அடுப்பும் அணைவதும் நாமெல்லாம் அறிந்தவை. அத்தகைய வாழ்வினூடே கண்ணன் என்னும் நெசவாளன், அவன் மனைவி கௌசலை, ஹேமா என்னும் மற்றொருத்தி ஆகியோரின் கதை நடக்கின்றது. ‘பைத்தியக்காரப் பிள்ளை’ என்னும் சிறுகதையோ, குடும்பம் முழுவதையும் தன் உழைப்பால் தாங்கும் நெசவாளப் பிள்ளை ஒருவன் வீட்டாரின் கடுமை தாளாது உயிரை மாய்த்துக்கொள்வதைக் கூறும்.

நம் வீட்டுக் குறைகளை இவர் ஊரறியச் செய்துவிட்டார் என்று சிலர் மனம் சுளிக்கக்கூடும். இது தவறான எண்ணமாகும். புடவையில் இழை அறுந்த இடத்தை மறைத்து மடித்தால் விற்றுவிடலாம். ஆயின் கட்டுபவள் கையில் அது பிரிந்தே தீரும். அறுந்த இழையைக் கண்டு முடிச்சிடுபவனே நல்ல நெசவாளன். வெங்கட்ராம் செய்தது இதுவே. வெளியார் இரக்கத்துடன் எட்டிநின்று பார்த்த நெசவாளியை அவர் எழுதவில்லை. ஆசையும் கோபமும் பிழையும் உடைய மனிதனாகவே எழுதினார்.

இதற்கிடையே அவரைப் பெரியதொரு நோயும் பற்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காதினுள் இடைவிடாது குரல்கள் ஒலித்து அவரை வருத்தின. முருக பக்தியைப் பற்றுக்கோடாகக் கொண்டு அத்துன்பத்தை அவர் தாங்கினார். அவ்வனுபவமே மகாலிங்கம் என்னும் பாத்திரத்தின் வாயிலாகக் ‘காதுகள்’ என்னும் நாவலாயிற்று. 1992-இல் வெளியான அந்நூலுக்கு 1993-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. முதற் கதை அச்சேறி ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்றபின் வந்த கௌரவம் அது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இன்று ஆரணியிலும் கும்பகோணத்திலும் தறியை விட்டு வேறு தொழில் நாடும் நம் இளைஞரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. கூலியும் காலமும் அவர்களைத் துரத்துகின்றன. ஆயினும் தறியோசை அடங்கிய வீட்டிலே வளரும் குழந்தை, தன் பாட்டன் எப்படி உழைத்தான், பாட்டி எதற்காகக் கண்ணீர் விட்டாள் என்று கேட்டால் நாம் எதைக் காட்டுவது? பட்டுப் புடவையைக் காட்டலாம். அது நெய்தவனைப் பற்றிப் பேசாது. ‘வேள்வித் தீ’ பேசும்.

ஆகையால் விவாகம் முதலிய சுபகாரியங்களில் தாம்பூலத்துடன் இந்நூலின் பிரதி ஒன்றையும் வழங்குவோமாக. நம் சங்கத்து வாசகசாலையில் வெங்கட்ராமின் நூல்கள் அனைத்தும் இடம்பெற அங்கத்தினர் ஆவன செய்வார்களாக. அவர் உயிரோடிருந்தபோது செய்யத் தவறிய மரியாதைக்கு அதுவே ஈடாகும்.