மாபோன்: இந்தப் பண்டிகைக்கு வயசு என்ன?

1/ செப்டம்பர் 22 அல்லது 23. பகலும் இரவும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும் நாள். இங்கிலாந்து, அமெரிக்காவில் உள்ள பேகன்கள் பலர் இதை 'மாபோன்' என்று கொண்டாடுகிறார்கள். பேகன்னா மயிலுக்குப் போர்வை தந்த நம்ம வள்ளல் இல்லைங்க. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய தெய்வங்களையும் இயற்கையையும் வணங்கும் இன்றைய சமயத்தினர்.

2/ மேசையில் ஆப்பிள், திராட்சை, கதிர்கள், வீட்டில் சுட்ட ரொட்டி வைப்பார்கள். அந்த வருஷம் கிடைத்ததுக்கு நன்றி சொல்லி, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் வெள்ளை அங்கி போட்ட ட்ரூயிட்கள் வட்டமாக நின்று சடங்கு செய்வார்கள். "ஆயிரக்கணக்கான வருஷப் பாரம்பரியம்" என்று வாழ்த்துப் படங்களும் சுற்றும்.

3/ நோயாளி யார் வந்தாலும் நாங்க முதல்ல கேட்கிறது, "எப்ப இருந்து?" இதையும் அப்படியே கேட்டுப் பார்ப்போம்.

4/ முதல்ல பெயர். 'மாபோன்' என்று இந்த நாளுக்குப் பெயர் வைத்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏடன் கெல்லி. வருஷம் 1974. ஒரு பேகன் நாட்காட்டி தயாரிக்கிறார். மற்ற விழாக்களுக்கு யூல், பெல்டேன் என்று அழகான பெயர்கள் இருக்க, செப்டம்பர் விழாவுக்கு மட்டும் அப்படி ஒண்ணும் இல்லை. தேடியதில், இடைக்கால வேல்ஸ் கதை ஒன்றில் ஒரு பாத்திரம் கிடைத்தது. பிறந்த மூன்றாம் நாளே தாயிடமிருந்து பறிக்கப்பட்டு, சிறையில் கிடந்து, ஆர்தர் மன்னனின் ஆட்களால் மீட்கப்படும் மாபோன். அந்தக் கதையில் அறுவடையும் இல்லை, சம இரவு நாளும் இல்லை!

5/ சரி, விழாவாவது பழசா? வருஷத்தை எட்டு விழாக்களாகப் பிரிக்கும் 'ஆண்டுச் சக்கரம்' 1950களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானது. அதில் முக்கியமானவர் ஜெரால்டு கார்ட்னர். இளவயதில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.

6/ ட்ரூயிட்கள் இதே நாளை 'ஆல்பன் எல்வெட்' என்பார்கள். கேட்க எவ்வளவு பழசா இருக்கு! அந்தப் பெயர் வந்தது யோலோ மோர்கானுக் (1747–1826) என்ற வேல்ஸ் கொத்தனாரிடமிருந்து. கவிஞர். கூடவே, பழைய சுவடி என்று தானே எழுதிக் கொடுத்துப் பல அறிஞர்களை நம்ப வைத்த கில்லாடி. ஆஸ்துமாவுக்காகப் பல வருஷம் லாடனம் குடித்தார். அபினைச் சாராயத்தில் கரைத்த மருந்து அது. மூச்சையே அடக்கக்கூடியது. இன்னைக்கு ஆஸ்துமாவுக்கு எந்த டாக்டரும் எழுத மாட்டார்.

7/ பேகன்களை மட்டும் சொல்லக்கூடாது. இங்கிலாந்து தேவாலயங்களில் இன்று நடக்கும் அறுவடைத் திருவிழாவும் 1843ல் மோர்வென்ஸ்டோ ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற பாதிரியார் தொடங்கி வைத்ததுதான்.

8/ அப்போ பழசுன்னு எதுவுமே இல்லையா? இருக்கு. கிரேக்கத்தின் எலூசிஸில் தானிய தேவதை டிமீட்டருக்கும் அவள் மகள் பெர்சபோனுக்கும் இதே பருவத்தில் விழா நடந்தது. பார்லியும் புதினா வகை மூலிகையும் கலந்த பானம் குடிப்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் நீடித்து, கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிவுக்கு வந்தது.

9/ அதைவிடப் பழசு, பசி பயம். களஞ்சியத்தில் இருப்பது அடுத்த அறுவடை வரை தாங்கணும். மழை அதிகமானால் ரை கதிரில் எர்காட் என்ற பூஞ்சை வரும். அந்த மாவில் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக்குழாய் சுருங்கி விரல்கள் கருகி விழும், வலிப்பு வரும். ஐரோப்பாவில் 'புனித அந்தோனியார் நெருப்பு' என்று இதைச் சொன்னார்கள். நல்ல தானியம் வீடு வந்து சேர்ந்தால் நன்றி சொல்லத் தோன்றாதா என்ன?

10/ புதுசா இருப்பது ஒரு குறையே இல்லை. பெயர் வைத்தது நான்தான் என்று கெல்லியே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். வயசைக் கூட்டிச் சொல்லி அதையே ஆதாரமாகக் காட்டும்போதுதான் சிக்கல். "5000 வருஷப் பாரம்பரிய மருந்து" என்ற விளம்பரத்தை நம்பி, போட்டுக்கிட்டிருந்த இன்சுலினை நிறுத்துபவர்களை டாக்டர்கள் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். பழசு என்பது வயசு மட்டும்தான். வேலை செய்யுதா என்பது தனிக் கேள்வி.

11/ அந்தக் கேள்விக்கு இந்தப் பண்டிகையிடம் நல்ல பதில் ஒன்று இருக்கு. அமெரிக்காவில் இந்தப் பருவத்தை ஒட்டி ஊர் ஊராக 'பேகன் பிரைடு' நாள் நடக்கும். 1990களின் கடைசியில் வந்த பழக்கம். வருபவர்கள் உணவுப் பொருட்கள் கொண்டு வந்து தரலாம். அது அந்த ஊர் ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகும். அந்த டப்பாவைத் திறந்து சாப்பிடுபவருக்கு, மாபோன் 1974ல் வந்ததா, கிமுவில் வந்ததா என்பது முக்கியமே இல்லை.