வட கரோலைனாவின் பன்னிரண்டாந் தொகுதி: எல்லைகளும் பிரதிநிதித்துவமும்

ஐக்கிய அமெரிக்காவின் பிரதிநிதிகள் சபைக்கு ஒவ்வொரு மாநிலமும் தன் சனத்தொகைக்கேற்ப உறுப்பினரை அனுப்புகின்றது. பத்தாண்டுகளுக்கொரு முறை குடிசன மதிப்பீடு நடைபெற்றதும், பெரும்பாலான மாநிலங்களிலே சட்டசபையே தொகுதி எல்லைகளை மீள வரைகின்றது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பது விதியாதலின், எல்லைக்கோடு எங்கே செல்கின்றது என்பதே பலவிடங்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்து விடுகின்றது. 1812இல் மசசூசெற்ஸ் மாநிலத்தில் ஆளுநர் எல்பிறிட்ஜ் ஜெரியின் காலத்தில் வரையப்பட்ட விசித்திரமான தொகுதியொன்றை வைத்து, கட்சி நலன் கருதி எல்லை வகுத்தலை 'ஜெரிமன்டர்' எனக் கேலியாக வழங்கலாயினர். அன்று தொட்டுக் கோணலான தொகுதி அநீதியானது, செம்மையான தொகுதி நீதியானது என்றொரு கருத்து நிலவி வருகின்றது. வட கரோலைனா மாநிலத்தின் பன்னிரண்டாந் தொகுதியின் வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுவதாகும்.

இவ்வரலாற்றின் வேர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உள்ளன. உள்நாட்டுப் போரின் பின்னர் அடிமை நிலையினின்றும் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்றனர். அவர்களது வாக்குகள் பல தொகுதிகளிற் பரவி நிற்பதை விரும்பாத சனநாயகக் கட்சியினர், 1872இல் மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலே கறுப்பினத்தவர் செறிந்து வாழ்ந்த கவுண்டிகளை இரண்டாந் தொகுதி என ஒன்றாகச் சேர்த்தனர். அடைத்து வைக்கும் நோக்குடன் வரையப்பட்ட இத்தொகுதி 'கறுப்பு இரண்டாந் தொகுதி' எனப் பெயர் பெற்றது. ஆயினும் ஜோன் ஹைமன், ஜேம்ஸ் ஓஹாரா, ஹென்றி சீற்றம், ஜோர்ஜ் ஹென்றி வைற் ஆகிய நான்கு கறுப்பின உறுப்பினரைக் காங்கிரசுக்கு அனுப்பியதும் இத்தொகுதியே. ஒரு மக்கட் கூட்டத்தைத் தனித்து அடைத்தல் அதன் செல்வாக்கைக் குறைக்கவும் கூடும், அதன் குரலுக்கு ஓரிடம் அளிக்கவும் கூடும் என்பதை இது காட்டுகின்றது.

1898இல் வில்மிங்ரன் நகரில் நடந்த வன்முறையில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டதோடு, மக்களால் தெரிவு செய்யப்பட்ட நகர ஆட்சியும் ஆயுத பலத்தாற் கவிழ்க்கப்பட்டது. 1900இல் எழுத்தறிவுச் சோதனை, தலைவரி ஆகியவற்றை வாக்களிப்பதற்கு நிபந்தனையாக்கும் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. ஜோர்ஜ் வைற் மீண்டும் போட்டியிடாது 1901இல் காங்கிரசை விட்டு நீங்கினார். அதன்பின் 1992 வரை, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக, வட கரோலைனாவிலிருந்து கறுப்பினத்தவர் எவரும் காங்கிரசுக்குத் தெரிவாகவில்லை. இம்மௌனத்தை மனத்திற் கொள்ளாது பன்னிரண்டாந் தொகுதியின் பிறப்பை விளங்கிக் கொள்ளல் இயலாது.

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் நிலைமையை மாற்றத் தொடங்கியது. அதன் ஐந்தாம் பிரிவின்படி, மாநிலத்தின் நூறு கவுண்டிகளுள் நாற்பதைப் பாதிக்கும் தேர்தல் மாற்றங்களுக்கு மத்திய அரசின் முன்னனுமதி வேண்டியிருந்தது. 1990ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் பயனாக மாநிலத்தின் தொகுதிகள் பதினொன்றிலிருந்து பன்னிரண்டாயின. அறுபதுகளில் மறைந்திருந்த பன்னிரண்டாந் தொகுதி மீண்டும் தோன்றியது. சனத்தொகையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினராயிருந்த கறுப்பினத்தவருக்கு ஒரேயொரு பெரும்பான்மைத் தொகுதியை அளித்த முதல் வரைபை நீதித் திணைக்களம் ஏற்கவில்லை. தெற்கிலும் தென்கிழக்கிலும் இரண்டாவது தொகுதியொன்றை அமைக்கலாமென அது சுட்டியது. சட்டசபையோ தன் கட்சி உறுப்பினரின் தொகுதிகள் குலையாதவாறு வேறிடத்தைத் தேர்ந்தது. கஸ்ரோனியாவிலிருந்து சார்லற், வின்ஸ்ரன் சேலம், கிறீன்ஸ்பரோ வழியாக டேரம் வரை, 85ஆம் இலக்க நெடுஞ்சாலையை ஒட்டி ஏறத்தாழ 160 மைல் நீண்டு செல்லும் ஒடுங்கிய தொகுதி உருவாயிற்று. சில இடங்களில் அதன் அகலம் நெடுஞ்சாலையின் அகலத்தை விஞ்சவில்லை. ஆகவே, அதன் கோணல் சிறுபான்மையினருக்கு இடமளித்ததனால் மட்டும் வந்ததன்று. பதவியிலிருந்தோரைக் காத்ததனாலும் வந்ததாகும்.

1992ஆம் ஆண்டுத் தேர்தலில் முதலாந் தொகுதியில் ஈவா கிளேற்றனும், பன்னிரண்டாந் தொகுதியில் மெல் வொற்றும் வெற்றி பெற்றனர். டேரம் கவுண்டி வாசிகள் ஐவர் தொடுத்த வழக்கு 'ஷோ எதிர் றீனோ' என்னும் பெயரில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1993இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் வழங்கப்பட்ட தீர்ப்பில், இன அடிப்படையைத் தவிர வேறெவ்வகையாலும் விளக்கவியலாத தொகுதியை அரசமைப்பின் சமத்துவக் கோட்பாட்டின்கீழ் எதிர்த்து வழக்காடலாமென நீதியரசர் சன்ட்றா டே ஓகொனர் எழுதினார். தோற்றமும் முக்கியமானதே என்பது அவரது வாதம். இதற்கு மாறுபட்ட நீதியரசர் பைரன் வைற், பன்னிரண்டு தொகுதிகளுட் பத்தில் வெள்ளையரே பெரும்பான்மையினராயிருக்க, அவர்களுக்கு நேர்ந்த பாதிப்பு யாதென வினவினார். ஒருவர் கோட்டின் உருவத்தை நோக்கினார். மற்றவர் அக்கோட்டினால் எவர் எதை இழந்தாரென நோக்கினார். பின்வந்த வழக்குகள் யாவும் இவ்விரு நோக்குகளிடையே ஊசலாடின எனலாம்.

1996இல் இத்தொகுதி அரசமைப்புக்கு முரணானதெனத் தீர்க்கப்பட்டது. 1997இல் சட்டசபை அதனைச் சுருக்கி வரைந்தது, அதுவும் வழக்குக்குள்ளானது. 1998ஆம் ஆண்டுத் தேர்தல், கறுப்பினத்தவர் மூன்றிலொரு பங்கினரேயான மற்றோர் எல்லைக்குள் நடைபெற்றது. அதிலும் மெல் வொற் வென்றார். வேற்றினத்தவரின் ஆதரவும் அவருக்கிருந்தமைக்கு இது சான்றாகும். 2001இல் உயர் நீதிமன்றம் 1997ஆம் ஆண்டு எல்லையை ஏற்றுக் கொண்டது. அங்குக் கறுப்பினத்தவரிற் பெரும்பாலோர் சனநாயகக் கட்சிக்கு வாக்களிப்போராதலின், எல்லையை வகுத்தது இனமன்று, கட்சி அரசியலே என நீதியரசர் ஸ்ரீவன் பிறேயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கருதியது.

இக்காரணம் பின்னர் வேறொரு தரப்பினருக்கும் பயன்பட்டது. 2010இல் மாநிலச் சட்டசபையைக் கைப்பற்றிய குடியரசுக் கட்சி, 2011இல் எல்லைகளை மீள வரைந்தது. பன்னிரண்டாந் தொகுதியில் வாக்களிக்கும் வயதினருட் கறுப்பினத்தவரின் வீதம் 43.8இலிருந்து 50.7ஆக உயர்த்தப்பட்டது. அவர்கள் விரும்பிய வேட்பாளர் ஏற்கெனவே தொடர்ந்து வென்று வந்த இடத்தில் மேலும் அவர்களைக் குவிப்பது அயற்றொகுதிகளில் அவர்களது வலுவைக் குறைப்பதாயிற்று. 2012இல் மாநிலம் முழுவதிலும் கூடுதல் வாக்குப் பெற்ற சனநாயகக் கட்சிக்குப் பதின்மூன்றில் நான்கு ஆசனங்களே கிடைத்தன. 1872ஆம் ஆண்டின் உத்தி மீண்டும் கையாளப்பட்டது. கட்சியின் பெயர் மட்டுமே மாறியிருந்தது. 'கூப்பர் எதிர் ஹரிஸ்' வழக்கில், 2017இல், நீதியரசர் எலினா கேகன் எழுதிய தீர்ப்பு, இத்தொகுதியை வகுத்ததில் இனமே மேலோங்கி நின்றதெனக் கண்டது.

கீழ் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2016இலேயே புதிய எல்லைகள் வரையப்பட்டிருந்தன. பன்னிரண்டாந் தொகுதி சார்லற் நகரைக் கொண்ட மெக்லன்பேர்க் கவுண்டிக்குள் முழுமையாக அடங்கியது. கிறீன்ஸ்பரோவைச் சேர்ந்தவரான உறுப்பினர் அல்மா அடம்ஸ் சார்லற்றுக்குக் குடிபெயர நேர்ந்தது. கால் நூற்றாண்டாகப் பரிகசிக்கப்பட்ட பாம்பு போன்ற வடிவம் மறைந்து, கண்ணுக்கினிய, கச்சிதமான தொகுதி தோன்றியது. ஆனால், அத்தொகுதி இடம்பெற்ற முழு வரைபடமும் குடியரசுக் கட்சிக்குப் பத்தும் எதிர்க்கட்சிக்கு மூன்றும் கிடைக்கும் வகையில் வேண்டுமென்றே வரையப்பட்டதாக அதனைத் தயாரித்தோரே வெளிப்படையாகக் கூறினர். 2016ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவும் அவ்வாறே அமைந்தது. இவ்வரைபடத்துக்கெதிரான 'றூச்சோ எதிர் கொமன் கோஸ்' வழக்கில், கட்சிச் சார்பான எல்லை நிர்ணயம் மத்திய நீதிமன்றங்கள் தீர்க்கத்தக்க பிரச்சினையன்று என 2019இல் பிரதம நீதியரசர் ஜோன் றொபேட்ஸ் எழுதினார்.

கோணலான எல்லையைக் கொண்ட 1992ஆம் ஆண்டுத் தொகுதி, தொண்ணூறாண்டு மௌனத்தைக் கலைத்தது. செம்மையான எல்லையைக் கொண்ட 2016ஆம் ஆண்டுத் தொகுதி, வாக்காளரின் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு திட்டத்தின் அங்கமாயிற்று. எனவே எல்லை நிர்ணயத்தை ஆராய்வோர் தொகுதியொன்றின் உருவத்தோடு நின்று விடலாகாது. கோட்டை வரையும் அதிகாரம் எவரிடமுள்ளது, அக்கோட்டுக்குள் எத்தனை பேர் எந்நோக்கத்திற்காகச் சேர்க்கப்படுகின்றனர், அதற்கு வெளியே எஞ்சியோரின் வாக்குக்கு என்ன பெறுமதி என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஒரு தொகுதியைத் தனியே நோக்கின் இவற்றுக்கு விடை கிடையாது. மாநிலம் முழுவதையும், அதன் கடந்த காலத்தையும் ஒருங்கே நோக்கும்போதே, எல்லைக்கோடு ஒரு மக்களுக்கு வாயிலாக அமைந்ததா, வேலியாக அமைந்ததா என்பது புலனாகும்.