உராய்வு விதியும் ஷாம்பூ பாக்கெட்டும்

பிசிக்ஸ் லேபில் மரக்கட்டைக்குக் கயிறு கட்டி, தட்டில் எடைக்கல் போட்டு உராய்வை அளந்தது நம்மில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். கட்டை லேசில் நகராது. கல்லைப் போட்டுக்கொண்டே போகணும். ஒரு கட்டத்தில் திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடும். கிளப்பத்தான் அதிக விசை வேண்டும், ஓட்டுவதற்குக் குறைவு போதும். அந்த உராய்வு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: பரப்பின் சொரசொரப்பு, கட்டையின் பாரம்.

வாங்குபவர் மனசும் அந்தக் கட்டை மாதிரிதான். ஒரு பிராண்டுக்கு அங்கே தனி இடம் பிடித்துத் தருவதை 'பொசிஷனிங்' என்பார்கள். அமெரிக்காவில் ஜாக் ட்ரவுட் 1969ல் இதைப் பற்றி எழுதினார். 1981ல் அவரும் அல் ரீஸும் சேர்ந்து புத்தகமே போட்டார்கள். ஆனால் இடம் பிடிப்பதற்கு முன்னால் கட்டை நகரணுமே! அதற்குப் பெரிய கம்பெனிகள் கண்ட வழி விளம்பரம், அதாவது தட்டில் கல்லை ஏற்றிக்கொண்டே போவது. காசு இருப்பவர்களுக்கு அது சரி.

கடலூர் சின்னி கிருஷ்ணனிடம் அந்தக் காசு இல்லை. கூலி வேலை செய்பவரும் வாங்கணும் என்று டால்கம் பவுடரையும் எப்சம் சால்ட்டையும் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி விற்றவர் அவர். பிற்பாடு அந்தக் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பூ சாஷேயில் வந்தது. அவர் மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983ல் தனியே பிரிந்து, 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். 'சிக்' என்பதே அப்பா பெயரின் சுருக்கம்தான்.

சாஷே செய்தது என்ன? பாரத்தைக் குறைத்தது. பாட்டிலுக்கு மொத்தமாகப் பணம் எடுத்து வைக்க வேண்டிய வீட்டில், ஒரு தலைக்குளியலுக்கு மட்டும் சில்லறை போதும் என்றாகிவிட்டது. சொரசொரப்பு மிச்சம் இருந்தது. சீயக்காய் தேய்த்தே பழகிய கிராமத்துக்காரருக்கு இதை எப்படிப் போடுவது, முடி கொட்டுமோ என்று ஆயிரம் சந்தேகம். சிக் ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பையன் தலையில் ஷாம்பூ தேய்த்துக் குளிப்பாட்டி, "தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க" என்றார்கள். என்னைக் கேட்டால், எந்த சினிமா ஸ்லைடும் இதற்கு ஈடாகாது.

அடுத்து வந்ததுதான் கெட்டிக்காரத்தனம். எந்த ஷாம்பூவானாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று ரங்கநாதனே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்புறம் மல்லிகை, ரோஜா மணம் சேர்ந்தது. அந்த மணம்தான் சிக் பிடித்த இடம்.

இந்த இடத்தில் பிசிக்ஸ் கொஞ்சம் நொண்டுகிறது என்பதையும் சொல்லணும். மரக்கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. நேற்று இழுத்ததை இன்று மறந்துவிடும். தலைக்கு ஊற்றிக்கொண்ட அம்மாள் மறக்க மாட்டார். இலவசத் திட்டத்தின் இரண்டாவது பாதி பலித்ததே அதனால்தான். இன்று எம்.பி.ஏ. வகுப்பில் நியூட்டன் விதியைப் பலகையில் எழுதிவிட்டு, பிராண்டும் அப்படியே ஓடும் என்று சொல்பவர்களிடம் நம் மாணவர்கள் தைரியமாகக் கை தூக்கிக் கேட்கலாம்: "சார், உராய்வு எங்கே போச்சு?" ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது எதிர்விசை இல்லாத இடத்தில்தானே? கடைத்தெருவில் அப்படி ஓர் இடம் உண்டா? முந்தி ஓடிய வெல்வெட்டே பின்னாளில் கண்ணில் படாமல் போயிற்று.

ரங்கநாதனுக்கு இது தெரிந்திருக்கிறது. கம்பெனி 1998ல் கெவின்கேர் என்று பெயர் மாறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, 1999ல் 50 காசுக்கு சிக் பாக்கெட் வந்தது. ஒற்றை நாணயம். பெட்டிக்கடையில் பாக்கிச் சில்லறைக்காக நிற்கிற வேலைகூட இல்லை.