பல் வைத்தியர் நின்றதும் அமர்ந்ததும்

பல் வைத்தியத்தின் வரலாறு கூறுவோர் கருவிகளையும் மருந்துகளையும் விரித்துரைப்பர். அக்கருவிகளைக் கையாண்டவர் எங்கு நின்றார், எவ்வாறு குனிந்தார் என்பன பெரிதும் பேசப்படுவதில்லை.

ஐரோப்பாவிலே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், நோயாளியைத் தரையில் இருத்தி, அவர் தலையைத் தம் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பல்லைப் பிடுங்கும் வழக்கம் இருந்தது. பாரிசு நகரத்துப் பியேர் போசார் 1728 இல் வெளியிட்ட தமது பெருநூலில் இதனைக் கண்டித்தார். அது அழகற்றது, அழுக்கானது, நோயாளிக்கு, சிறப்பாகக் கருவுற்ற பெண்களுக்கு, அச்சந் தருவது என்பது அவர் கருத்து. அசையாத கைபிடிக் கதிரையொன்றில், முதுகுக்கு மெத்தென்ற அணை கொடுத்து நோயாளியை இருத்துமாறு அவர் விதித்தார். நோயாளி தரையினின்றும் உயர்ந்தார். வைத்தியரும் எழுந்து நின்றார். அவ்வாறு நின்றவர் பொதுவழக்காக அமர்வதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இடைக்காலத்தில் ஆசனம் பலவாறு திருந்திற்று. 1790 அளவில் பொஸ்ரன் நகரத்து யோசியா பிளாக் கதிரையொன்றுக்குத் தலையணை பொருத்தினார். 1832 இல் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்னெல் சாயும் ஆசனத்தை அமைத்தார். 1877 இல் நீரியல் விசையால் உயரும் ஆசனம் அமெரிக்காவில் வந்தது. இந்த இறுதி ஏற்பாடு வைத்தியரின் குனிவையும் ஓரளவு குறைத்தது என்பதை மறுத்தலாகாது. ஆயினும் பொதுவாக நோயாளியின் வசதியே நோக்கமாயிருந்தது.

கருவியோ வைத்தியருக்கு எதிராகவே வளர்ந்தது. 1871 இல் அமெரிக்கரான ஜேம்ஸ் மொறிசன் காலால் மிதித்து இயக்கும் துளைகருவிக்குக் காப்புரிமை பெற்றார். தையல் இயந்திரத்தை ஒத்த அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 முறை சுழன்றது. தைப்பவரேனும் அமர்ந்து மிதிப்பார். பல் வைத்தியரோ ஒரு காலால் உடலைத் தாங்கி, மறுகாலால் மிதித்து, இடுப்பைத் திருகி, நடுங்காத கையால் நுண்ணிய குழியைக் குடையவேண்டியிருந்தது! மின்விசை பரவியபின் மிதித்தல் ஒழிந்தது, நிற்றல் ஒழியவில்லை.

வைத்தியரை அமரச் செய்தது அவர் முதுகின்மீது கொண்ட இரக்கம் மட்டுமன்று. 1957 இல் ஜோன் போர்டனின் காற்றுச் சுழலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 300,000 முறை சுழலும். அவ்வேகத்திற் பிறக்கும் வெப்பம் பல்லின் உயிர்ப்பகுதியைக் கெடுக்குமாதலால் இடைவிடாது நீர் தெளித்தல் இன்றியமையாததாயிற்று. வாயில் நிறையும் நீரை உறிஞ்ச வலிய உறிஞ்சுகுழாய் வேண்டும். அதைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். துப்புவதற்கு நோயாளி அடிக்கடி எழவேண்டிய தேவை நீங்கவே அவரைப் படுக்கவைத்தல் எளிதாயிற்று. 1958 இல் ஜோன் நோட்டன் உடலின் வளைவுக்கிசைந்த சாய்வு ஆசனத்தை அளித்தார். நோயாளி படுத்தார்; வைத்தியரும் துணைவரும் இருமருங்கும் அமர்ந்தனர். 1960 களில் 'நான்கு கைப் பல்வைத்தியம்' இவ்வாறு பரவிற்று.

அமரும் இடத்துக்கும் அளவு வகுக்கப்பட்டது. நோயாளியின் முகத்தை மணிக்கூடாகவும், தலையுச்சியைப் பன்னிரண்டு மணியாகவும் கொண்டால், வலக்கைப் பழக்கமுள்ள வைத்தியர் பெரும்பாலும் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அமர்வர். துணைவர் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் இருப்பர். மேற்பற்களின் உட்புறத்தைக் கழுத்தை வளைத்துப் பாராது கண்ணாடியிற் பார்க்கப் பயிற்றுவர்.

இத்தனைக்கும் பின்னர் நோவு தீர்ந்ததா எனின், இடம் மாறிற்று என்றே கூறல்வேண்டும். கால்களின் சோர்வு குறைந்தது. நெடுநேரம் அசையாதிருத்தலால் கழுத்தும் தோளும் இடுப்பும் வருந்தின. இதனைத் தணிக்கச் சேணம் போன்ற இருக்கைகளும் உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் பயன்படுத்தப்படுகின்றன. அக்கண்ணாடியும் பார்வைக்கோணம் பிழைப்பின் கழுத்தை மேலும் குனியச் செய்யும். ஆதலால் அணிபவரின் முகத்தையும் அவர் தொழில்புரியும் தூரத்தையும் அளந்தே அது செய்யப்படுகின்றது.