நவம்பர் 23: வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது

இன்று அரியலூர் ரயில் விபத்து நடந்த நாள்.

1956. சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ். விடிவதற்கு முன், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே, மருதையாற்றுப் பாலத்தருகே எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் மகபூப்நகரில் பாலம் உடைந்து நூறு பேருக்கு மேல் பலியாகியிருந்தார்கள். அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்.

வரலாற்று ஆசிரியனாக வருடாவருடம் இதைத்தான் சொன்னேன். ராஜினாமாவோடு பாடம் முடிந்துவிடும். ஒருமுறை கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், அன்னிக்கு ராத்திரி லைன்ல யாரு சார் நடந்தாங்க?" என்றான். அவன் அப்பா ரயில்வேயில் கேங்மேன். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த ஞாயிறே அவன் வீட்டுக்குப் போனேன். அப்பாதான் விளக்கினார். "தண்டவாளம் ஒடையறது கண்ணுக்குத் தெரியும் சார். வெள்ளத்துல பாலம் அப்படியே நிக்கும், பாலத்தை ஒட்டின மண்கரைதான் அடியில கரையும். மேல பார்த்தா ரயில் பாதை ஒழுங்காத்தான் இருக்கும், கீழ ஒண்ணுமிருக்காது."

அதனால்தான் மழைக்காலத்தில் இரவு ரோந்து. கையில் விளக்கு, தண்டவாளத்தில் வைக்கும் வெடி, ஒரு நோட்டு. தன் எல்லை முடியும் இடத்தில் அடுத்த ஆளைப் பார்த்து நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். நடந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. பாலத் தூணில் அபாய அளவுக்குக் கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் அதைத் தொட்டால் ரயிலை நிறுத்தியாக வேண்டும். கரை சரிந்திருந்தால் வண்டி வரும் திசையில் விளக்கைக் காட்டிக்கொண்டே ஓடி, வெடியை வைக்க வேண்டும். இப்போது ஜிபிஎஸ் கருவியும் கொடுக்கிறார்கள். நடப்பது என்னவோ அதே மனிதர்தான், அதே ஜல்லி மேல்.

"பாம்புக்குப் பயமில்லையா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "பாம்பு ஒதுங்கிடும் சார். எதிர்ப்பக்கத்து வண்டிதான் மழைச் சத்தத்துல கேக்காது" என்றார்.

மறுநாள் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தேன். இந்தமுறை சாஸ்திரிக்கு முன்னால் அந்த நோட்டைப் பற்றிச் சொன்னேன். பையன் தலை நிமிரவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.